கைசாவின் பெயர் எழுதும் வரி

மார்லிஸ் கொஸ்கெலாவின் கட்டைவிரல் படாத பாஸ்டியை மார்க்வெட்டில் யாராவது தின்றால், அது வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், மஞ்சள் ருட்டபாகாக் கிழங்கு எல்லாவற்றையும் பொடியாக அரிந்து மாவுக்குள் வைத்து, சோமாசிக்கு முறுக்குவதுபோல விளிம்பை முறுக்கி மூட வேண்டும். ஊர் ரொட்டிக்கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் அவள் செய்துவந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு. வாய் அதிகம் பேசாது, கை மட்டும் ஓடும்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பொறாமை. சில பெண்கள் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்து சிகரெட் பிடிப்பதுபோல, அதை அவள் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள். ஊரில் எத்தனையோ பேருக்குப் பெரிய வீடும் புதிய வண்டியும் இருந்தன. அதெல்லாம் அவளை ஒன்றும் செய்ததில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தி மேல்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் கணவனின் முதல் மனைவி ரோண்டா.

ரோண்டா இந்தப் பனி வேண்டாம் என்று அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் டூசானுக்குப் போனபோது மகள் கைசாவுக்கு ஏழு வயது. தகப்பன் ஆர்வோவிடம் குழந்தையை விட்டுவிட்டுத்தான் போனாள். மூன்று வருடம் கழித்து ஆர்வோ மார்லிஸைக் கட்டிக்கொண்டார். அவர் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். மார்லிஸுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. குழந்தை பெறும் எண்ணத்தையெல்லாம் எப்போதோ மடித்து வைத்தாயிற்று. வந்த வீட்டில் மசாலாச் சீசாக்களின் மேல் ரோண்டாவின் சாய்ந்த எழுத்து ஒட்டியிருந்தது. ஏலக்காய், பட்டை, கிராம்பு. முதல் வாரத்திலேயே அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டாள். ஆனால் கைசாவின் முகத்தில் இருந்த ரோண்டாவை எப்படிச் சுரண்டுவது? சிரித்தால் மேலுதடு ஒரு பக்கம் தூக்கும். படத்தில் பார்த்த அதே சிரிப்பு.

மதிய உணவு கட்டியது மார்லிஸ். பல் கம்பி போட மாதாமாதம் அழைத்துப் போனதும், கண்ணாடி மாதிரி உறைந்த சாலையில் ஹாக்கி ஆட்டத்துக்கு வண்டி ஓட்டியதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை டூசானிலிருந்து தொலைபேசி மணி அடித்தால் கைசா மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை டூசானுக்குப் போகும். அதில் ஒட்டிய தபால்தலை மார்லிஸ் வாங்கி வைத்தது. ரோண்டாவுக்கு அந்தப் பெண் ‘அம்மா’. இவளுக்கு ‘மார்லிஸ்’. யாரும் தவறாக நடக்கவில்லை. கைசா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதனாலேயே இந்த எரிச்சலுக்கு வெளியே வர ஒரு வழி கிடைக்கவில்லை.

2017 நவம்பரில், முதல் பெரிய பனி விழுந்த நாளில், ஆர்வோ வேலை முடிந்து வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கிறதே என்று மார்லிஸ் எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு ரோண்டா வந்தாள், வெயிலில் பழுத்த நிறத்தோடு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது பழைய ஆட்கள் அவளைத்தான் முதலில் கட்டிக்கொண்டார்கள், அவள்தான் தாலியறுத்தவள் என்பதுபோல. கைசா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜெபத்தின்போது அவள் தலை மூன்று தடவை ரோண்டாவின் தோளில் சாய்ந்தது. இந்தப் பக்கம் ஒரு தடவை. கணவனைப் புதைக்கும் நாளில் இதையா எண்ணிக்கொண்டிருந்தோம் என்று பின்னால் மார்லிஸ் வெட்கப்பட்டாள். ஆனால் எண்ணியது எண்ணியதுதான்.

வருமான வரிப் படிவத்தை ஆர்வோ தானே எழுதுவார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் மேசையில், பென்சிலால். அதில் ‘என்னைச் சார்ந்திருப்பவர்கள்’ என்ற இடத்தில் ஒரு வரி இருக்கும். கைசாவின் பெயர், அரசு அவளுக்குக் கொடுத்த ஒன்பது இலக்க எண், உறவு என்ற கட்டத்தில் ‘மகள்’. மார்லிஸ் அடியில் கையெழுத்து மட்டும் போடுவாள். ஆர்வோ இறந்த வருடத்துக்கான படிவத்தை மூத்தோர் மையத்தில் இலவசமாக எழுதிக் கொடுக்கும் வெர்ன் லாக்சோ முடித்துக் கொடுத்தார். ஆர்வோவின் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று அச்சடித்து, இருவர் பேரிலும் சேர்த்தே போட்டார். அது கடைசித் தடவை.

அடுத்த பிப்ரவரியில் மார்லிஸ் தனியாகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். வெர்ன் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணினியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். இந்த வருடம் ‘தனி ஆள்’ என்று போட வேண்டியிருக்கும் என்றார்.

“தனி ஆள்னா? கல்யாணமே ஆகாதவளுக்கும் அதுதானே போடுவீங்க?” என்று மார்லிஸ் கேட்டாள்.

“ஆமா. இந்தப் படிவத்துக்கு மனசாட்சியெல்லாம் கிடையாது மார்லிஸ்.”

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். பன்னிரண்டு வருடக் கல்யாணம். ஒரு சொல்லில் அதைத் துடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியாது. வெர்ன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கைசா இப்போது எங்கே, படிப்பு முடிந்ததா என்று விசாரித்தார். ஹவுட்டன் கல்லூரியில் சுரங்கப் பொறியியல், பாடம் மாற்றியதில் ஒரு வருடம் வீணானது, மே மாதம் முடியும், மார்ச் வந்தால் இருபத்து நாலு என்று மார்லிஸ் சொன்னாள்.

“அப்போ போன டிசம்பர் கடைசித் தேதிக்கு இருபத்து மூணுதான். தப்பிச்சே,” என்றார் வெர்ன்.

பிறகு பொறுமையாக விளக்கினார். முழுநேரம் படிக்கிற பிள்ளை இருபத்து நாலு ஆகும்வரை சார்ந்திருப்பவர்தான். புருஷன் செத்துவிட்டால் அவன் பிள்ளை உனக்குப் பிள்ளை இல்லாமல் போய்விடாது, சட்டத்தில் அது அப்படியேதான் நிற்கும். கல்லூரி விடுதியில் தூங்கிய இரவுகளும் வீட்டில் தூங்கிய கணக்கில்தான் சேரும், அவள் கட்டிலும் துணிமணியும் இங்கே இருந்து, அவள் திரும்பி வருகிறவளாக இருந்தால். கைசாவின் பெயரை அந்த வரியில் எழுதினால் மார்லிஸ் ‘தனி ஆள்’ இல்லை. ‘பிள்ளையோடு இருக்கும் விதவை’ என்று ஒரு பெட்டியே தனியாக இருக்கிறது.

“பெத்தது யாருன்னு சட்டம் கேக்காது. எங்க தூங்கினா, வீட்டை யார் நடத்தினாங்கன்னுதான் கேக்கும்,” என்றார். “ஆனா ஒண்ணு, இந்த ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும்.”

உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும், ஆர்வோ ‘மகள்’ என்றுதான் எழுதுவார் என்று மார்லிஸ் மெல்லச் சொன்னாள்.

“அவருக்கு மகள். உனக்கு மூத்தாள் மகள். நான் பொய் எழுதினா என் வேலை போயிடும். சம்பளம் இல்லாத வேலைதான், இருந்தாலும்.”

எதை எழுதினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வந்து வண்டியின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது, எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. எங்கே தூங்கினாள் என்று கேட்கிற சட்டம் எவ்வளவு நல்ல சட்டம். ரோண்டா என்னதான் தலைகீழாக நின்றாலும் இந்த ஒரு வரியில் கை வைக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து வெர்ன் கூப்பிட்டார். படிவம் திரும்பி வந்துவிட்டது. கைசாவின் எண்ணை வேறு யாரோ ஏற்கெனவே தங்கள் படிவத்தில் போட்டிருக்கிறார்கள்.

“யாரு?”

“அதை மட்டும் சொல்ல மாட்டாங்க. வரி ஆபீஸ் அந்த விஷயத்துல பாதிரியாரை விட மோசம்.”

யார் என்று அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மார்லிஸுக்குத் தெரியும். அன்று அவள் முறுக்கிய பாஸ்டிகளின் விளிம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்து மேசையில் மாவு தேய்க்கும் கெர்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு யாரோட கழுத்துன்னு நினைச்சு முறுக்குறடி?” என்றாள். மார்லிஸ் அடுத்ததை எடுத்து முறுக்கினாள். பதில் இருந்தது.

படிவத்தைத் தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்பலாம், அப்போது இரண்டு பேருக்கும் கடிதம் வரும், இரண்டு பேரும் நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று வெர்ன் சொல்லியிருந்தார். நிரூபிப்பது என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆர்வோவின் பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து அதில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். கைசாவின் பெயரில் இந்த முகவரிக்கு வந்த கல்லூரிக் கடிதங்கள். கண் மருத்துவரின் ரசீது. கார் காப்பீட்டுத் தாள். நூலகத்திலிருந்து வந்த அபராதச் சீட்டு. பிறகு சமையலறைச் சுவரில் போன வருடம் தொங்கிய நாட்காட்டி. கைசா வீட்டுக்கு வந்து தூங்கிய நாட்களில் அவள் பெயரின் முதல் எழுத்தாக ஒரு சின்ன ‘கை’ எழுதுவது மார்லிஸின் வழக்கம். எத்தனை முட்டை வாங்குவது என்று தெரிவதற்காக என்று சொல்லிக்கொள்வாள். மேசையில் உட்கார்ந்து எண்ணினாள். கோடை முழுக்க, கிறிஸ்துமஸ் முழுக்க, ஒன்று விட்டு ஒரு வாரக் கடைசி. நூற்று முப்பத்தொரு இரவு. டூசானில் ஏழு. அந்த ஏழும் வரிசையான ‘கை’களுக்கு நடுவில் வெள்ளையாக விட்டிருந்தது, பல் விழுந்த இடம் மாதிரி. மாடியில் அவள் பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது, ஹாக்கி மட்டை இருக்கிறது, அலமாரியில் அவளுடைய பெரிய நீலக் கோட்டு தொங்குகிறது. வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டத் தயாராக இருந்தாள்.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் பொறுக்க முடியவில்லை. ரோண்டாவின் எண் பாத்திர அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆர்வோவின் கையெழுத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தானாகச் சுழற்றியதே இல்லை.

ரோண்டா எடுத்தாள். பின்னால் எங்கோ பறவை கத்தியது. பிப்ரவரியில் பறவை. மார்லிஸ் சுற்றி வளைக்காமல், கைசாவை வரிப் படிவத்தில் போட்டது நீதானா என்று கேட்டுவிட்டாள்.

“நானா? நான் எப்படிப் போடுறது? வருஷத்துல ஒரு வாரம் வர்ற பொண்ணை என் பிள்ளைன்னு எழுதி, நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா என்ன சொல்லுவேன்?” ரோண்டா சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றது. “அவ சாமான் எல்லாம் உன் வீட்டுலதானே மார்லிஸ் இருக்கு. அவ சட்டை அளவு என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

இதை மார்லிஸ் எதிர்பார்க்கவில்லை. ரோண்டா மேலே பேசினாள். “ஜனவரியில அவ எனக்குப் போன் பண்ணினா. யாராவது என்னைப் படிவத்துல போடுவாங்களான்னு கேட்டா. உங்க அப்பா போயிட்டாரு, இனிமே யாரும் போட முடியாது, நீயே தனியாப் போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். ஏன், தப்பா?”

தப்பில்லை என்று சொல்லி மார்லிஸ் வைத்துவிட்டாள். திருட்டு நடக்கவில்லை. திருடி என்று யாரும் இல்லை. ஆனால் எரிச்சல் அடங்குவதற்குப் பதில் இடம் மாறி உட்கார்ந்தது. கைசா ரோண்டாவிடம் கேட்டிருக்கிறாள். இரண்டாயிரம் மைல் தள்ளி இருப்பவளிடம். நாட்காட்டியில் ‘கை’ எழுதுகிறவளிடம் கேட்கவில்லை.

சனிக்கிழமை கைசா வந்தாள். சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் சௌனா என்ற ஆவிக்குளியல். ஆர்வோ போன பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. பின்முற்றத்து மரக்கொட்டகையில் மதியமே மார்லிஸ் விறகு மூட்டியிருந்தாள். இரண்டு பேரும் துண்டைச் சுற்றிக்கொண்டு மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழுந்து முகம் தெரியாமல் போகும். வீட்டுக்குள் பேச முடியாததை அவர்கள் அங்கேதான் பேசுவார்கள். கைசாவுக்கு முதல் மாதவிலக்கு வந்த செய்தியும், ஆர்வோவுக்கு இதயம் சரியில்லை என்ற செய்தியும் அங்கே சொல்லப்பட்டவை.

படிவம் திரும்பி வந்ததை மார்லிஸ் சொன்னாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

கைசா துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவிய சம்பளத்துக்குப் பிடித்த வரி திரும்பி வரும் என்று அறைத்தோழி சொன்னாள். போனிலேயே போட்டுவிடலாம், பத்து நிமிட வேலை. எல்லாம் தட்டிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு கேள்வி வந்தது.

“‘உன்னை வேற யாராவது தங்களைச் சார்ந்தவர்னு காட்ட முடியுமா’ன்னு கேட்டுது. ஆமா, இல்லை, ரெண்டு பொத்தான். ஒவ்வொரு வருஷமும் அப்பாகிட்ட கேட்டுட்டு ‘ஆமா’ அழுத்துவேன். இந்தத் தடவை அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அப்புறம் ‘இல்லை’ அழுத்திட்டேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா?”

மார்லிஸ் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். தேவைக்கு மேல் ஊற்றிவிட்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது.

“அம்மா இல்லைன்னு சொன்னா ஒண்ணும் இல்ல,” என்றாள் கைசா, இருமிக்கொண்டே. “அது எனக்குத் தெரிஞ்சதுதான். நீங்க என்ன சொல்லுவீங்கன்னுதான் எனக்குத் தெரியல.”

நூற்று முப்பத்தொன்று என்று சொல்லலாமா என்று மார்லிஸ் நினைத்தாள். கடைசியில், “திங்கக்கிழமை கிளாஸ் எத்தனை மணிக்கு? போற வழியில வெர்னைப் பாத்துட்டுப் போகணும்,” என்றாள். கைசா சிரித்தாள். மேலுதடு ஒரு பக்கம் தூக்கியது. இந்த ஆவியிலும் அது ரோண்டாவின் சிரிப்பாகவே இருந்தது.

வெர்ன் கைசாவுக்குத் திருத்தப் படிவம் எழுதினார். காசு ஒன்றும் மாறாது, ஒரு பெட்டிதான் மாறும் என்றார். “வேதியியல்ல கூட நீ கேள்வியைப் படிக்கிறதுக்கு முன்னாடி பதில் எழுதுவே,” என்று அவளைச் சீண்டினார். படித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று கைசா மெதுவாகச் சொன்னாள். அவள் கையெழுத்துப் போட்டாள். மார்லிஸ் தன்னுடையதில் போட்டாள். நிலை என்ற இடத்தில் ‘பிள்ளையோடு இருக்கும் விதவை’. அந்த வரியில் கைசா கொஸ்கெலா. உறவு, மூத்தாள் மகள். தபாலில் போகும்போது அட்டைப்பெட்டித் தாள்களின் நகலும் வேண்டுமா என்று மார்லிஸ் கேட்டாள். இப்போது தேவையில்லை என்றார் வெர்ன். அவளுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அதோடு பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. ஏப்ரலில் கைசாவுக்கு வேலை கிடைத்தது. செப்புச் சுரங்கம். டூசானுக்குப் பக்கத்தில். முதல் சில மாதம் அம்மா வீட்டில் தங்கிக்கொள்வதாக அவள் சொன்னபோது மார்லிஸ், நல்லது, வாடகை மிச்சம் என்றாள். சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போய், இல்லாத ஏதோ ஒரு ஜாடியைக் கால்மணி நேரம் தேடினாள். நூற்று முப்பத்தொன்று இங்கே முடிந்தது. இனி நாட்காட்டி அங்கே நிறையும். ரோண்டா ஒன்றும் எழுதி வைக்க மாட்டாள், அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதுவும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மே கடைசியில் கைசா வண்டியில் சாமான் ஏற்றினாள். தெரு ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி கொஞ்சம் கிடந்தது. மார்லிஸ் நீலக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். உள்ளே ஆட்டுரோமம் வைத்துத் தைத்தது, கைசா கல்லூரி சேர்ந்தபோது ஆர்வோவும் மார்லிஸுமாகப் போய் வாங்கியது.

“இது இங்கயே இருக்கட்டும்,” என்றாள் கைசா.

“எடுத்துட்டுப் போ. உங்க அம்மா வீட்டுல அலமாரி இருக்கும்ல?”

“பெரிய அலமாரி இருக்கு. அப்போ நவம்பர்ல இங்க வந்து கல்லறைக்குப் போகும்போது எதைப் போட்டுக்குறது? உங்க கோட்டையா? அதுல மாவு வாசனை.”

கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, இரண்டு தடவை ஹார்ன் அடித்து அவள் போய்விட்டாள். மார்லிஸ் கோட்டைத் திரும்ப எடுத்துப் போனாள். அலமாரியில் ஆர்வோவின் ஆரஞ்சு வேலைச் சட்டை, முதுகில் வெள்ளிப் பட்டையோடு, இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டு தொங்கியது. அதைக் கொஞ்சம் தள்ளி, கோட்டை மாட்டினாள். இரண்டுக்கும் நடுவில் தன் கோட்டும் இருந்தது.

கதவைச் சாத்தும்போது ஒன்று தோன்றியது. ரோண்டா என்ன வாங்கிக் கொடுத்தாலும் கொடுக்கட்டும், அந்தப் பாலைவனத்தில் கைசாவுக்கு ஒரு கோட்டு வாங்கிக் கொடுக்க அவளுக்கு வழியே கிடையாது. மார்லிஸ் அலமாரிக் கதவில் கை வைத்தபடி, யாரும் பார்க்காத வீட்டில், கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய், நாட்காட்டியில் நவம்பர் பக்கத்தைத் திருப்பி, ஆர்வோ இறந்த தேதியில் ஒரு சின்ன ‘கை’ எழுதினாள்.